மெய்யொலி கேட்கும் வீடு

நுழையும்முன்

இசையைக் கேட்கும் கருவிகள் இன்று நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. ஆயினும் ஒரே வீட்டில் வாழ்வோர் சேர்ந்து அமர்ந்து கேட்கும் பொழுதுகள் குறைந்துவருகின்றன. நல்ல ஒலி என்பது விலையில் இருக்கிறதா, உரப்பில் இருக்கிறதா, வேறெதிலேனும் இருக்கிறதா? ஒரு சிறிய கூடத்தில் எளிய ஸ்டீரியோ அமைப்பொன்றை உருவாக்கிய பட்டறிவின் வழியே இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

‘கேள்வி’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. ஐயம் நீங்க வினவுவதும் கேள்வி. செவியால் கேட்டு அறிவதும் கேள்வி. திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி. 42ஆம் அதிகாரம் கேள்வி. ஏட்டைப் படிக்காதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. எழுத்தறிவு பரவலாகாத காலத்திலும் நம் மக்கள் அறிவிலும் சுவையிலும் குறைவின்றி வாழ்ந்ததற்குச் செவியே வாயிலாக இருந்தது.

அந்தக் கேள்வி பெரும்பாலும் கூட்டுக் கேள்வி. கோயில் மண்டபத்தில் ஓதுவார் பாடலையும், ஊர்ப் பொதுவில் வில்லுப்பாட்டையும், விடிய விடியத் தெருக்கூத்தையும் ஊரே கூடியிருந்து கேட்டது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டபோது அக்கூட்டம் கலையவில்லை. வானொலிப் பெட்டி வாங்க இயலாதோர் நகராட்சிப் பூங்காக்களில் நிறுவப்பட்ட குழாய் ஒலிபெருக்கிகளின்கீழ் மாலைதோறும் அமர்ந்தனர். என் அம்மா அவ்வாறு கேட்டு வளர்ந்தவர். செய்தி முடியும்வரை புல்தரையில் யாரும் பேசமாட்டார்கள் என்றும், செய்தி முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள் என்றும் அவர் சொல்வதுண்டு.

எங்கள் வீட்டில் மூவர். 76 அகவை நிரம்பிய அம்மா, மேல்நிலை முதலாமாண்டு படிக்கும் மகன், தமிழாசிரியையாகிய நான். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மாலை வேளையில் மூவரும் ஒரே கூடத்தில்தான் இருப்போம். ஆனால் மூன்று உலகங்களில் இருப்போம். அம்மாவின் முன் தொலைக்காட்சி உரக்க ஒலிக்கும். அந்த ஒலியிலிருந்து தப்ப மகன் காதில் செவிப்பொறியைச் செருகிக்கொள்வான். நான் விடைத்தாள்களின் நடுவே கைப்பேசியைச் சாய்த்துவைத்து வீணையிசை கேட்பேன். ஒருவர் கேட்பது மற்றவர்க்கு இரைச்சலாக இருந்தது.

உயிர் கேட்கிறது; மெய் கேட்கவில்லை

தொலைக்காட்சியின் உரப்பு மாதந்தோறும் ஏறிக்கொண்டே வந்தது. “இவ்வளவு சத்தம் போதாதா அம்மா?” என்று வினவியபோது அவர் சொன்ன விடை என்னைச் சிந்திக்க வைத்தது. “சத்தம் கேட்கிறது; பாட்டும் கேட்கிறது. சொல்தான் கேட்கவில்லை.”

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செவித்திறன் ஆய்வில் அம்மாவின் நிலை தெளிவாயிற்று. அகவை கூடும்போது உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் தேய்கின்றன. அத்தேய்வு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களை உணரும் பகுதியில் முதலில் நிகழ்கிறது. இளமையில் மனிதச்செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். முதுமையில் மேல் எல்லை சுருங்குகிறது. கீழ் எல்லை பெரிதும் மாறுவதில்லை.

இதனை மருத்துவர் வரைபடத்தில் காட்டியபோது எனக்குத் தமிழ் இலக்கணம் நினைவுக்கு வந்தது. நம் இலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பகுக்கிறது. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைகிறது. அவை நீண்டு ஒலிப்பவை, வலிமை மிக்கவை. ஒரு மெய்யை மற்றொரு மெய்யிலிருந்து பிரித்துக்காட்டும் நுண்கூறுகளோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில், கணநேரமே தோன்றி மறைகின்றன. ‘பத்து’, ‘கத்து’, ‘சத்து’ என்னும் மூன்று சொற்களிலும் உயிர்கள் ஒன்றே. பொருளை மாற்றுவது முதல் மெய் மட்டுமே. உயிர் மட்டும் கேட்டு மெய் கேட்காதவர்க்கு இம்மூன்றும் ஒரே சொல். பெயரில் வல்லினமாக இருக்கும் க, ச, ட, த, ப, ற என்பனவே செவித்திறன் குறையும்போது முதலில் நழுவும் ஒலிகளுள் அடங்குகின்றன.

அம்மாவின் குறை இதுதான். உரப்பைக் கூட்டினால், ஏற்கெனவே நன்கு கேட்கும் உயிரொலிகள் இன்னும் பெருகி, மெலிந்த மெய்யொலிகளை மேலும் மூடிவிடும். மருத்துவர் வெளியே செல்லும்போது அணியக் காதுக்கருவியைப் பரிந்துரைத்தார். “வீட்டில் ஒலியை உரக்க வைப்பதைவிடத் தெளிவாக வைக்க வழி தேடுங்கள்” என்றும் கூறினார். சிறியதொரு ஸ்டீரியோ அமைப்பை உருவாக்கும் எண்ணம் அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது.

இரு காதுகள், இரு ஒலிபெருக்கிகள்

‘ஸ்டீரியோ’ என்பது திடமானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஒலிக்கு இட உணர்வைத் தருவதே அதன் பணி. நம் இடப்புறத்தில் ஒருவர் பேசினால் அவ்வொலி இடக்காதை முதலில் அடைகிறது; வலக்காதைச் சற்றுப் பின்னர், சற்று மெலிந்து அடைகிறது. அந்தக் கால வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டே மூளை ஒலியின் திசையைக் கண்டறிகிறது. திருவிழாக் கூட்டத்திலும் அருகில் நிற்பவர் பேச்சை நாம் பிரித்துக் கேட்பதற்கு இத்திறன் துணைநிற்கிறது.

ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வரும்போது பாடகர் குரலும் வயலினும் மிருதங்கமும் ஒரே புள்ளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டு ஒலிபெருக்கிகளை முறைப்படி அமைத்தால் அவை தத்தம் இடங்களில் விலகி நிற்கின்றன. இதில் வியப்பானது ஒன்றுண்டு. இரு ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரே அளவில் வரும் குரல், எதுவுமே இல்லாத நடுவிடத்திலிருந்து எழுவதுபோல் கேட்கும். வெற்றுச் சுவரின் முன்னே பாடகர் நிற்கிறார் எனச் செவி நம்பும்.

தெரியுமா?

ஸ்டீரியோ ஒலிப்பதிவின் அடிப்படைகளை வகுத்தவர் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். இலண்டனில் இஎம்ஐ நிறுவனத்தில் பணியாற்றிய இவர் 1931இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் கருவியைச் சோதிக்கும் வானூர்திப் பயணத்தில் 1942இல் உயிரிழந்தார். அப்போது அவருக்கு 38 அகவை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958இல்தான்.

கடையில் கற்ற பாடம்

கருவி வாங்கச் சென்ற முதற்கடையில் மார்பளவு உயரமுள்ள பெட்டியொன்றைக் காட்டினர். அதன்மேல் ‘5,000 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. மகன் பெட்டியின் பின்புறம் குனிந்து, மின்னிணைப்பருகே ஒட்டியிருந்த சிறு தாளைப் படித்தான். அது மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன் 60 வாட் என்றிருந்தது. “அறுபது வாங்கி ஐயாயிரம் கொடுக்குமா அம்மா? எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார்” என்றான். கணநேர உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிக் காட்டும் எண் அது. தொடர்ந்து தரக்கூடிய திறனே நாம் பார்க்கவேண்டியது.

பின்னர், மலைக்கோட்டைக்கு அருகே நெடுங்காலமாக வானொலி பழுதுபார்த்துவரும் முதியவர் ஒருவரை நாடினோம். பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்ன முதற்சொல்லே வழிகாட்டியாக அமைந்தது. “டீச்சர், பெட்டியை அப்புறம் பார்ப்போம். யார் கேட்கப்போகிறார்கள், எங்கே உட்கார்ந்து கேட்பார்கள், என்ன கேட்பார்கள், அதை முதலில் சொல்லுங்கள்.”

நாங்கள் சொன்னோம். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள கூடம். சொல் தெளிவாகக் கேட்கவேண்டிய முதியவர். தாளமும் அடியொலியும் விரும்பும் இளைஞன். வீணையின் நுண்மையை விரும்பும் நான். அவர் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து விளக்கினார்.

முதற்கட்டம், ஒலியின் மூலம். எங்களுக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. மகனின் பழைய கைப்பேசியே போதும் என்றார். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிவுசெய்கிறது. ஓர் அதிர்வெண்ணைப் பிழையின்றிப் பதிய, அதன் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளக்கவேண்டும் என்பது விதி. மனிதச்செவியின் எல்லையாகிய 20,000 ஹெர்ட்ஸின் இருமடங்கை இந்த எண் கடந்துவிடுகிறது. எனவே மூலத்தில் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. நல்ல பதிவைத் தேடுவதே முதன்மையானது.

இரண்டாம் கட்டம், கடைத்தெருவில் ஆம்ப்ளிஃபையர் எனப்படும் பெருக்கி. நாங்கள் தேர்ந்த ஒலிபெருக்கியின் அட்டையில் ‘86 டெசிபல்’ என்றிருந்தது. ஒரு வாட் திறன் செலுத்தினால் ஒரு மீட்டர் தொலைவில் அவ்வளவு உரப்பாக ஒலிக்கும் என்பது அதன் பொருள். இயல்பான உரையாடலின் அளவு ஏறத்தாழ 60 டெசிபல். ஆகவே அன்றாடம் நாம் கேட்கும் அளவுக்குப் பெரும்பாலும் ஒரு வாட்கூடச் செலவாவதில்லை. மத்தளத்தில் விழும் ஓர் அடி, பல்லவியின் உச்சம் போன்றவை மட்டும் கணநேரம் பலமடங்கு திறனைக் கேட்கும். ஒலி இருமடங்கு உரப்பாகத் தோன்றவேண்டுமெனில் திறன் ஏறத்தாழப் பத்துமடங்காக வேண்டும். இவற்றைக் கணக்கிட்டு, பக்கத்துக்கு 30 வாட் தரும் உள்ளங்கையளவுப் பெருக்கியைத் தேர்ந்தோம். அதில் உயரொலியையும் அடியொலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகுகள் இருந்தன.

மூன்றாம் கட்டம், ஒலிபெருக்கிகள். செலவில் பாதிக்குமேல் இவற்றுக்கே ஒதுக்கவேண்டும் என்றார் முதியவர். மின்னலையைக் காற்றலையாக மாற்றும் இவ்விடத்தில்தான் ஒலியின் இயல்பு மிகுதியும் மாறுபடுகிறது. நாங்கள் வாங்கியவை இரண்டு அகராதிகளை அடுக்கியதுபோன்ற சிறு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒலிகளுக்கு ஐந்தங்குலக் கூம்பும், உயர்ந்த ஒலிகளுக்கு ஓரங்குலக் குமிழும் உண்டு. அந்தச் சிறு குமிழை ட்வீட்டர் என்பர். அம்மா இழந்துவரும் மெய்யொலிகளின் பெரும்பகுதி அக்குமிழிலிருந்தே பிறக்கவேண்டும்.

ஒலிபெருக்கிகளுக்கு 13,000, பெருக்கிக்கு 8,000, கம்பி, முக்காலி முதலியவற்றுக்கு 3,000 என மொத்தம் 24,000 ரூபாய் ஆயிற்று. வாசலில் நின்ற எங்களிடம் முதியவர் மீண்டும் சொன்னார். “இதுவரை செய்தது பாதி வேலை. மீதி வேலை உங்கள் கூடத்தில் இருக்கிறது.”

அறையும் ஓர் இசைக்கருவி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் துல்லியமாகக் கூறுகிறது. இருபத்து நான்கு பெருவிரல் அளவுள்ள கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அரங்கு அளந்து அமைக்கப்பட்டது. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகளை வைத்தனர் என்றும் இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். கலை தோன்றும் இடத்தையும் கலையின் ஒரு பகுதியாகவே நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இது சான்று. ஒளிக்கு நிழல் எப்படியோ, ஒலிக்கு எதிரொலி அப்படி.

எங்கள் கூடத்தின் நடுவில் நின்று மகன் ஒருமுறை கைதட்டினான். தட்டிய ஓசை அறுபடாமல் சுவருக்குச் சுவர் தாவி, தகரத்தைச் சுண்டியதுபோல் நடுங்கி அடங்கியது. கற்காரைக் கூரையும் வழவழப்பான தரையோடுகளும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன்பே அடுத்த சொல் வந்துவிட்டால் மெல்லிய மெய்யொலிகள் அதில் மூழ்கும். தரையில் தடித்த பவானி ஜமக்காளத்தை விரித்தோம். சன்னலுக்குக் கனத்த திரையிட்டோம். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னிருந்த வெற்றுச் சுவரில் என் புத்தக அடுக்கை நிறுத்தினோம். சிறிதும் பெரிதுமான நூல்கள் ஒலியைச் சிதறடிக்கும். மீண்டும் கைதட்டியபோது ஓசை சட்டென்று அடங்கியது.

அடுத்து ஒலிபெருக்கிகளின் இடம். அவற்றுக்கிடையே ஆறடி, ஒவ்வொன்றிலிருந்தும் அம்மாவின் நாற்காலிக்கு ஆறடி. கணித வகுப்பில் நாம் வரையும் சமபக்க முக்கோணம் தரையில் உருவாயிற்று. சாய்வு நாற்காலியில் அம்மா அமரும்போது அவர் செவி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். உயரொலிகள் விளக்கொளிபோல் நேர்த்திசையில் குவிந்து செல்பவை. ஆதலால் ட்வீட்டர் அதே மூன்றடி உயரத்தில் அமையுமாறு முக்காலிகளைச் செய்வித்து, பெட்டிகளைச் சற்று உள்நோக்கித் திருப்பினோம். தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியோ பின்புறச் சுவரை நோக்கியிருந்தது. சொற்கள் அம்மாவை அடையாததற்கு அதுவும் ஒரு காரணம் என அப்போது விளங்கிற்று.

கம்பிகளை இணைக்கும்போது சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்கவேண்டும். ஆய்வுக்காக மகன் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி இணைத்துக் காட்டினான். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தது. அடியொலி மெலிந்தது, நடுவில் நின்ற பாடகர் காணாமற் போனார். மீண்டும் சரியாக இணைத்ததும் தம் இடத்துக்குத் திரும்பினார்.

சிக்கல் அடியொலியில் எழுந்தது. மகனுக்கு அது போதவில்லை. ஐந்தங்குலக் கூம்பு தள்ளக்கூடிய காற்று சிறிதளவே. ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் வலிமை தளர்ந்துவிடும். பெட்டிகளைச் சுவரை ஒட்டி நகர்த்தினால் அடியொலி கூடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். இத்தகைய நீண்ட அலைகள் சுவரிலும் மூலையிலும் பட்டுத் திரும்பி வலுவடைகின்றன. அவன் பெட்டிகளைச் சுவரோடு சேர்த்தான். தாளம் நெஞ்சில் அதிர்ந்தது. அம்மா கையசைத்து, “சொல் போய்விட்டது” என்றார். இரண்டடி முன்னே கொணர்ந்தோம். அம்மாவுக்குச் சொல் வந்தது. அவனுக்குத் தாளம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேரனும் பாட்டியும் பேச்சுவார்த்தை நடத்தினர். அவன் ஓரங்குலம் பின்னே தள்ளுவான். அவர் ஒரு வரியைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். சொல் தவறினால் பெட்டி ஓரங்குலம் முன்னே வரும். இறுதியில் சுவரிலிருந்து ஒன்றேகால் அடித் தொலைவில் இருவரும் உடன்பட்டனர். அவ்விடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்தோம். இன்றும் கூட்டிப் பெருக்கும்போது அக்குறி அழியாமல் பார்த்துக்கொள்பவன் அவன்.

ஒரு மணிநேரக் கேள்வி

இரவு எட்டு மணிமுதல் ஒன்பது மணிவரை எங்கள் வீட்டில் கேட்கும் நேரம். மூவரும் முறைவைத்துப் பாடல்களைத் தெரிவுசெய்வோம். ஒருவர் தெரிவுசெய்ததை மற்ற இருவரும் முழுவதும் கேட்கவேண்டும் என்பது மட்டுமே விதி.

அம்மா முதலில் கேட்டது, 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடியது. அது ஸ்டீரியோவுக்கு முற்பட்ட பதிவு. ஆகவே குரல் இருபுறமும் பிரியாமல் நடுவில் உறுதியாக நின்றது. பழைய பதிவுக்கே உரிய மெல்லிய இரைச்சல் பின்னணியில் இருந்தது. அதன்மேல் அந்தக் குரல் ஒவ்வொரு வல்லினத்தையும் அழுத்தமாக உச்சரித்துச் சென்றது. பெருக்கியின் உயரொலித் திருகை மகன் சற்றே கூட்டினான். அம்மா கண்களை மூடி, பாடலோடு உதடசைத்தார். முடிந்ததும், “இந்தம்மா மாதிரி எழுத்தை முழுசாகச் சொல்பவர் யார் இருக்கிறார்கள்?” என்றார். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த மாதங்களில் அம்மா பாட்டைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. உச்சரிப்பைப் பாராட்ட வேண்டுமெனில் அது கேட்டிருக்கவேண்டும் அல்லவா?

மகன் தெரிவுசெய்யும் பாடல்களில் அவ்வளவு எளிதாகச் சொல் பிடிபடுவதில்லை. ஒருமுறை அவன் பாடலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். “உனக்குப் புரிந்ததா?” எனக்கும் புரியவில்லை என்றேன். “அப்படியானால் குறை என் காதில் இல்லை” என்று அவர் சொல்ல, மூவரும் சிரித்தோம். ஆயினும் அந்தப் பாடலில் இடமிருந்து வலமாக ஓடிய தாளக்கோவையை அம்மா கவனித்திருந்தார். தவிலும் உறுமியும் மாறி மாறி ஒலிக்கும் ஊர்வலத்தைத் திண்ணையிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது என்றார். மகன் அதே பாடலை மறுமுறை ஒலிக்கச்செய்து, அவர் சொன்னதைத் தானும் கேட்டான்.

இந்த அமைப்பு அம்மாவின் செவித்திறனை மீட்டுத் தந்துவிடவில்லை. தேய்ந்த மயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. எவ்வளவு தெளிவான ஒலியிலும் அவருக்குச் சில சொற்கள் தவறத்தான் செய்கின்றன. முன்பெல்லாம் அவ்வாறு தவறும்போது பேசாமல் இருந்துவிடுவார். பலமுறை வினவினால் பிறருக்குத் தொல்லை எனக் கருதினார். இப்போது பாடலின் நடுவே பேரன் பக்கம் திரும்பி, “என்ன சொல்?” என்கிறார். “அம்மாச்சி, ‘பத்து’ இல்லை, ‘சத்து’” என்று அவன் எடுத்துச் சொல்கிறான். அதற்கு அவன் காதில் செவிப்பொறி இல்லாமல் இருக்கவேண்டும்; அவரருகில் அமர்ந்திருக்கவேண்டும்; அதே பாடலைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தால், 24,000 ரூபாயில் நாங்கள் வாங்கியது இதைத்தான்.

எவ்வளவு உரக்கக் கேட்கலாம்?

இதைப் படிக்கும் உங்களுக்கு அகவை பதினாறோ பதினேழோ இருக்கும். இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை உணரக்கூடிய செவி உங்களுடையது. நம் குடும்பங்களில் மிகக் கூர்மையாகக் கேட்கக்கூடியவர்கள் நீங்களே. அந்தச் செவிக்கு நேரும் தீங்கு வலியின்றி வருவது. முதுமை செய்யும் அதே தேய்வைப் பேரொலி இளமையிலேயே செய்துவிடும். உட்செவியின் மயிரணுக்கள் அகவையைப் பார்ப்பதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்கலாம். சிறுவர்க்கு அந்த அளவு 75 டெசிபல். உரப்பு ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியாற்றல் இருமடங்காகிறது; ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. 80 டெசிபலில் 40 மணிநேரம் கேட்கலாம் எனில், 90 டெசிபலில் ஒரு வாரம் முழுமைக்கும் நான்கு மணிநேரமே உண்டு. பேருந்தின் இரைச்சலை வெல்லச் செவிப்பொறியின் உரப்பைக் கூட்டுவோர் இந்த எல்லையை அறியாமலே கடந்துவிடக்கூடும்.

செவிப்பொறியே வேண்டாம் என்று நான் கூறவில்லை. படிக்கும்போதும் பயணத்திலும் அது நல்ல துணை. அதற்கு அப்பால் நாளில் ஒரு சிறு பொழுதையேனும் கூடத்துக்கு ஒதுக்குங்கள். அதற்கு எங்களுடையதைப்போன்ற கருவிகள் கட்டாயமில்லை. வீட்டிலிருக்கும் பழைய ஒலிபெருக்கி இரண்டைச் செவியின் உயரத்துக்கு ஏற்றி, சுவரிலிருந்து சற்று விலக்கி, கேட்பவரை நோக்கித் திருப்புங்கள். தரையில் ஒரு விரிப்பை விரியுங்கள். பின்னர் உரப்பைக் குறைத்து, வீட்டிலுள்ள மூத்தவரிடம் ‘சொல் கேட்கிறதா?’ என்று வினவுங்கள். செவியால் கேட்பது, வாயால் வினவுவது என்னும் கேள்வியின் இரு பொருளும் அப்போது ஓரிடத்தில் கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் நடுவிலும் மரத்தடியிலும் நின்று கைதட்டி, ஓசை அடங்கும் விதத்தை ஒப்பிட்டுக் காரணங்களுடன் குறிப்பெழுதுக.

2. ‘பத்து – கத்து – சத்து’ போல, ஒரு மெய் மட்டும் மாறுவதால் பொருள் மாறும் சொற்களைத் திரட்டுக. அவற்றை வகுப்பறையின் கடைசி இருக்கையிலிருந்து மெல்லிய குரலில் கேட்கச் செய்து, எவ்வெழுத்துகள் மிகுதியாகத் தவறுகின்றன என அட்டவணைப்படுத்துக.

3. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தோர் ஒருவர் இளமையில் வானொலி கேட்ட பட்டறிவைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

4. ‘தனித்துக் கேட்பதும் கூடிக் கேட்பதும்’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.